ஸ்டார்ட் மெனுவை ஒழுங்குபடுத்தி மூன்றரை வருடம்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட, தட்டச்சும் பிரிண்டும் ஸ்கானும் செய்து கொடுக்கும் சின்னக் கடை எங்களுடையது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. கரண்ட் நின்றால் யூபிஎஸ் ஆறேழு நிமிடம் தாங்கும். அப்படி ஒரு நேரத்தில் ஒரு பிள்ளையின் சான்றிதழை ஸ்கான் பண்ணி அனுப்ப வேண்டியிருந்தது. "அண்ணா, ஸ்கான் எதுக்குள்ள கிடக்கு?" என்று தங்கச்சி கேட்கிறாள். ஸ்கான் பண்ணும் மென்பொருள் ஸ்டார்ட் மெனுவில், ஸ்கானர் செய்த நிறுவனத்தின் பெயருள்ள ஃபோல்டருக்குள், உதவிக் குறிப்பு, பதிவுப் படிவம் என்று ஆறு பெயர்களுக்கு நடுவில் இருந்தது. தேடி எடுப்பதற்குள் திரை அணைந்துவிட்டது. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லாமல் போனதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

அடுத்த ஞாயிறு உட்கார்ந்தேன். அப்போது கடையில் இருந்தது விண்டோஸ் 10. முதலில் செய்தது டைல் வேலை, அதாவது மெனுவில் தெரியும் சதுரப் பொத்தான்களை அடுக்குவது. தேவையில்லாத சதுரங்களைக் கழற்றி, மிச்சத்தைத் தொகுதி தொகுதியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தலைப்பு வைத்தேன். அழகாகத்தான் இருந்தது.

இரண்டாவதாகச் செய்ததுதான் உண்மையில் உதவியது. 1995இல் விண்டோஸ் 95 வந்த காலத்திலிருந்தே இந்த மெனுவுக்குப் பின்னால் இருப்பது ஒரு சாதாரண ஃபோல்டர். மெனுவில் ஒரு மென்பொருளின் பெயரில் வலது கிளிக் செய்து, 'மோர்', அப்புறம் 'ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்' என்று போனால் அந்த இடம் திறக்கும். அங்கே கிடப்பவை வெறும் ஷார்ட்கட்டுகள். அழித்தாலும் மென்பொருள் கணினியில் அப்படியே இருக்கும். உதவிக் குறிப்பு, இணையதள இணைப்பு, நீக்கும் கருவி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மிஞ்சியவற்றை, செய்த நிறுவனத்தின் பெயரை விட்டு, கடையில் நடக்கும் வேலையின் பெயரில் நாலு ஃபோல்டருக்குள் போட்டேன்: ஸ்கான், தட்டச்சு, படம், கல்வெட்டு.

கல்வெட்டு என்று தனி ஃபோல்டர் ஏன் என்றால், இறந்தவரின் 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு என்ற நினைவுச் சிறுநூல் அடிக்க வருபவர்களுக்கு நாள் தள்ளிப்போட முடியாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் யூனிகோடில் எழுதி வைபரில் அனுப்புவார்கள். நாங்கள் பக்கம் கட்டும் பழைய மென்பொருளுக்குப் பாமினி என்ற பழைய எழுத்துருத்தான் சரிவரும். ஆகவே யூனிகோடைப் பாமினியாக்கும் எழுத்து மாற்றியும் பக்கம் கட்டுவதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். துயரத்தோடு முன்னால் நிற்பவரை வைத்துக்கொண்டு மெனுவில் தேடிக்கொண்டிருப்பது சரியில்லை.

சில விஷயங்கள் பட்டுத்தான் தெரிந்தன. தமிழில் பெயர் வைத்தவுடன் அந்த ஃபோல்டர்கள் ஆங்கில எழுத்துகளெல்லாம் முடிந்து பட்டியலின் அடியில் போய் நின்றன. '1 ஸ்கான்', '2 தட்டச்சு' என்று முன்னால் இலக்கம் போட்டதும் மேலே வந்துவிட்டன. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைத்துப் பார்த்தேன், பலனில்லை. மெனு உள்ளடுக்குகளைக் காட்டாது, எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் கொட்டிவிடும். படம் திருத்தும் மென்பொருளைப் 'படம்', 'கல்வெட்டு' இரண்டிலும் வைத்தால் மெனுவில் ஒரு இடத்தில்தான் தெரிந்தது. அதனால் 'படம்' ஃபோல்டரில் மட்டும் விட்டேன். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கும் செயலிகளை இந்த ஃபோல்டர்களுக்குள் கொண்டுவர வழியில்லை. அப்புறம், ஒரு மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது தன் பழைய ஃபோல்டரைத் திரும்பவும் உருவாக்கிவிடுவதுண்டு. மாதத்துக்கு ஒருக்கால் பத்து நிமிடம் ஒதுக்கித் துப்புரவாக்குகிறேன். அவ்வளவுதான் பராமரிப்பு.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. அதற்கு முதல் வாரமே கடையில் இருந்த கணினிகளில் புதியதை விண்டோஸ் 11க்கு மாற்றினேன். 11இல் டைல்கள் இல்லை. நான் பாடுபட்டு அடுக்கிய தொகுதிகளும் தலைப்புகளும் ஒன்றுகூட வரவில்லை. 'ஓல் ஆப்ஸ்' பட்டியலைத் திறந்து பார்த்தேன். '1 ஸ்கான்' முதல் '4 கல்வெட்டு' வரை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. அன்றைக்கு எனக்கு வந்த ஆறுதல் கொஞ்சநஞ்சம் இல்லை. யாராவது புதிதாகத் தொடங்குவதென்றால் டைலையும், மெனுவில் 'பின்' (pin) செய்து வைப்பதையும் பிறகு பாருங்கள், முதலில் ஃபோல்டரில் கை வையுங்கள்.

அந்த ஃபோல்டரின் பிரதி ஒன்று பென் டிரைவில் இருக்கிறது. 11க்குப் போக முடியாத பழைய கணினியில் இணையத்தைக் கழற்றிவிட்டு, பக்கம் கட்டுவதற்கு மட்டும் வைத்திருக்கிறோம். அதிலும் அதே நாலு பெயர்கள்தான். போன கிழமை ஐந்தாவதாக '5 விண்ணப்பம்' என்று ஒன்றைத் தங்கச்சியே உருவாக்கி வைத்திருந்தாள்.