கனமான பைப்பா, டிரம்மா, டபுள் வால் பெட்டியா: ஸ்மோக்கர் செய்யப் போறவங்களுக்கு

கறிய புகையிலயும் மிதமான சூட்டுலயும் மணிக்கணக்கா வேக வெக்கிற அடுப்புதான் ஸ்மோக்கர். சொந்தமா ஒண்ணு செய்யணும்னு இறங்கினா கடைசில மூணு வழில ஒண்ணுலதான் வந்து நிப்பீங்க. ஒண்ணு, 200 லிட்டர் இரும்பு டிரம்ம நிமித்தி வெச்சு அடியில கரிக்கூடை, மேல கம்பி கிரில். ரெண்டு, 6 மி.மீ. கனம் இருக்க பெரிய பைப்ப படுக்க வெச்சு ஒரு பக்கம் தனியா ஃபயர்பாக்ஸ் (நெருப்பு எரியுற பெட்டி) சேர்த்து வெல்ட் பண்ற ஆஃப்செட். மூணு, ரெண்டு தகட்டுக்கு நடுவுல ராக்வூல் (சூட்ட தடுக்குற கல் நார்ப் பஞ்சு) அடைச்ச டபுள் வால் பெட்டி. நான் ரெண்டாவதத்தான் செஞ்சேன், இன்னமும் அதுலதான் சமைக்கிறேன், அதனால அந்தப் பக்கம் சாஞ்சுதான் பேசுவேன். அதுக்கு முன்னாடி டிரம் வெச்சிருந்தேன். டபுள் வால் பெட்டி மட்டும் என்னோடது இல்ல, நண்பர் ஒருத்தரோடது, கூட நின்னு சமைச்ச அளவுக்குத்தான் பழக்கம்.

டிரம் பத்தி ரொம்ப இழுக்க வேண்டியதில்ல. டிரில்லும் நாலு போல்டும் இருந்தா வெல்டிங்கே இல்லாம முடிஞ்சிடும், வெறும் டிரம் 20 கிலோவுக்குள்ளதான் இருக்கும், ஒரு ஆளே உருட்டிட்டுப் போயிடலாம். கீழ காத்துக்கு மூணு நாலு ஓட்டை, மேல மூடில புகை போக வழி, அவ்ளோதான். கறில இருந்து கொழுப்பு நேரா கரி மேல சொட்டி எழும்புற அந்த வாசனை ஆஃப்செட்ல வராது, இத நான் மனசார ஒத்துக்கிறேன். ரெண்டே விஷயம் மட்டும் கவனம்: உள்ள எபாக்சி பூச்சு இருக்க டிரம்ம எடுக்காதீங்க, பூச்சே இல்லாத, உணவுப் பொருள் வந்த டிரம்தான் வேணும். அப்புறம் முன்னாடி உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியாத மூடின டிரம்ல கிரைண்டர் வெக்கவே வெக்காதீங்க, மிச்சம் இருக்க ஆவி ஒரு தீப்பொறில வெடிச்சிடும்.

இப்ப கனத்துக்கு வருவோம், ஏன்னா எல்லாரும் குழம்புற இடம் இதுதான். கனமான இரும்பு சூட்ட வெளிய விடாதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது தப்பு. இரும்பு நல்லா சூடு கடத்துற பொருள், 6 மி.மீ. ஆனாலும் 1 மி.மீ. ஆனாலும் வெளிப்பக்கம் தொட்டா கை சுடத்தான் செய்யும், வெளிய வீணாப் போற சூடும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கனம் பண்ற வேலை வேற, அது சூட்ட சேத்து வெக்குது. ஒரு சதுர மீட்டர் 6 மி.மீ. தகடு 47 கிலோ வரும், அதே அளவு 1 மி.மீ. தகடு 8 கிலோ கூட வராது. கதவத் திறந்து மூடினா உள்ள இருந்த சூடான காத்து மொத்தமும் போயிடும், ஆனா காத்துல இருக்க சூடு ரொம்ப கொஞ்சம், சூடு முழுக்க இரும்புல உக்காந்திருக்கறதால ரெண்டு மூணு நிமிஷத்துல பழைய இடத்துக்கு வந்துடும். காத்து திடீர்னு அடிச்சாலும், புது விறகு பத்திக்கிறதுக்கு கொஞ்சம் லேட் ஆனாலும், வெப்பமானி முள்ளு படக்குனு குதிக்காது. 110ல இருந்து 135 டிகிரி செல்சியஸுக்குள்ள மணிக்கணக்கா நிக்கணும்ங்கிறப்ப இந்த நிதானம் பெரிய நிம்மதி.

இதுக்கு விலை இல்லாம இல்ல. என்னோடதுல பைப்பு 508 மி.மீ. விட்டம், 1.2 மீட்டர் நீளம், பைப்பு மட்டும் 90 கிலோ, ரெண்டு பக்க மூடியும் ஃபயர்பாக்ஸும் காலும் புகைபோக்கியும் சேந்தா 200 கிலோவ தாண்டிடுது. இவ்ளோ இரும்பு சூடேற ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அது வரைக்கும் கறிய உள்ள வெக்க முடியாது. விறகு இதுல ரொம்பப் போகும்னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு: 200 கிலோ இரும்ப 100 டிகிரி ஏத்தறதுக்குத் தேவையான சூடு, பேப்பர்ல பாத்தா முக்கால் கிலோ காஞ்ச விறகுக்குள்ளயே இருக்கு. நிஜத்துல பாதிக்கு மேல புகைபோக்கி வழியா போயிடறதால பல மடங்கு எரிக்க வேண்டி வரும், ஆனா விறகு செலவுல பெரும்பங்கு இந்த ஆரம்பச் சூட்டுல இல்ல, அதுக்கப்புறம் மணிக்கணக்கா சுவர் வழியா வெளிய போறத ஈடு கட்டுறதுலதான் இருக்கு. அந்த விஷயத்துல டபுள் வால் பெட்டிகிட்ட ஆஃப்செட் நிக்கவே முடியாது.

ஆனா இது எதுவும் என் முடிவ தீர்மானிக்கல. தீர்மானிச்சது ஒரே ஒரு விஷயம், பராமரிப்பு. இன்னும் குறிப்பா சொன்னா நெருப்பு எரியுற இடத்தோட அடித்தளம்.

ஸ்மோக்கர் எங்க சாகும்னு பாத்தீங்கன்னா சமைக்கிற அறையில இல்ல. அங்க கொழுப்பும் புகையும் சேந்து கருப்பா ஒரு தோல் மாதிரி படிஞ்சுடும், அது கீழ துரு எட்டிப் பாக்காது, எவ்ளோ வருஷம் வேணாலும் இருக்கும். சாவு எப்பவும் நெருப்புக்குக் கீழதான். அங்க ரெண்டு பக்கமும் அடி விழுது. எரியும்போது தணல் நேரா படுற இடத்துல இரும்பு சிவக்கற அளவுக்குப் போய் மேல ஒரு படலமா ஆக்சைடு உரியும், கையால தட்டினா சாம்பல் நிறத்துல செதில் செதிலா விழும், ஒவ்வொரு செதிலும் உங்க தகடுதான். எரிஞ்சு முடிஞ்ச அப்புறம் சாம்பல் வேலைய ஆரம்பிக்கும். சாம்பல்ல இருக்க உப்பு காத்துல இருந்து ஈரத்த இழுத்து வெச்சுக்கும், மழைத்தண்ணி ஒரு சொட்டு புகைபோக்கி வழியா இறங்கினா போதும், அந்த ஈரச் சாம்பல் தகட்டோட ஒட்டிக்கிட்டு வாரக்கணக்கா கிடக்கும். செதில் உரிஞ்ச இடத்துல பாதுகாப்புக்கு எந்தப் படலமும் இல்ல, துரு அங்கதான் முதல்ல புடிக்கும்.

இப்ப கனத்த இங்க கொண்டு வந்து பாருங்க. அரை மில்லிமீட்டர் இப்படிப் போயிடுச்சுன்னு வெச்சுக்குவோம். 1 மி.மீ. டிரம்ல பாதி காலி. 6 மி.மீ. தகட்டுல இன்னும் அஞ்சரை இருக்கு. இது மட்டும்னா கூட, சரி டிரம் சீக்கிரம் போகும், புதுசு வாங்கிக்கலாம்னு விட்டுடலாம். எனக்கு முக்கியமா பட்டது ரிப்பேர். துரு தின்ன மெல்லிசு தகட்டுல வெல்டிங் வெச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும், ராடு தொட்ட உடனே ஓட்டை பெருசாகும், அந்த ஓட்டைய அடைக்கப் போனா பக்கத்துல இன்னொன்னு விழும், கடைசில நல்ல இரும்பே கிடைக்காது. 6 மி.மீ.ல கிரைண்டர் வெச்சு துருவ தேச்சு எடுத்துட்டு, புதுத் துண்டு ஒண்ண வெட்டி வெச்சு 3.15 மி.மீ. ராடுல நிதானமா ஒரு லைன் ஓட்டினா முடிஞ்சுது. அடித்தளம் முழுசா போனாலும் அத மட்டும் அறுத்து எடுத்துட்டு வேற தகடு போட்டுக்கலாம், மத்த இரும்பு முழுக்க அப்படியே இருக்கும். டிரம்ல அடி போனா எல்லாமே போச்சு. இந்த வித்தியாசம்தான் என்ன பைப்பு பக்கம் தள்ளுச்சு.

அதனால ஃபயர்பாக்ஸ் செய்யும்போதே இத மனசுல வெச்சு செய்யுங்க. என்னோடது 43 செ.மீ. சதுரப் பெட்டி, கிட்டத்தட்ட 80 லிட்டர், சமைக்கிற அறையோட கொள்ளளவுல மூணுல ஒரு பங்கு, ஆஃப்செட்டுக்கு பொதுவா சொல்ற அளவும் அதுதான். சுவரெல்லாம் 6 மி.மீ., அடித்தளம் மட்டும் 10 மி.மீ. போட்டேன். தணல் அடித்தகட்ட தொடாத மாதிரி ஒரு கை உயரத்துல கனமான சதுரக் கம்பில கிரேட் (விறகு வெக்கிற கம்பித் தட்டு), அதுக்குக் கீழ காத்து ஓடுறதால விறகும் சுத்தமா எரியும், தகடும் தப்பிக்கும். சமையல் முடிஞ்சு முழுசா ஆறின உடனே சாம்பல வழிச்சு எடுத்துடணும், இதுல சோம்பல் ஆகவே ஆகாது. புகைபோக்கிக்கு ஒரு தொப்பி. வெளிப்பக்கம் சமைக்கிற அறைக்கு 600 டிகிரி தாங்குற பெயின்ட் போதும், ஃபயர்பாக்ஸ்ல எந்தப் பெயின்ட்டும் நிக்காது, சூடா இருக்கும்போதே ஒரு துணில எண்ணெய் தொட்டு மேல தேச்சு விட்டுட்டுப் போயிட வேண்டியதுதான். உள்ள பெயின்ட் எங்கயும் அடிக்காதீங்க. கால்வனைஸ் பண்ண தகடோ கிரில்லோ எந்த மூலையிலயும் வேணாம், அதுல இருக்க ஜிங்க் 419 டிகிரிலயே உருகிடும், அத வெல்ட் பண்ணும்போது வர்ற வெள்ளைப் புகைய மூச்சுல இழுத்தா ராத்திரி காய்ச்சலே வரும்.

பைப்பு கிடைக்கலன்னா பழைய எல்பிஜி டேங்க் எடுக்கலாம், ரெண்டு பக்கமும் உருண்டையா மூடியோடவே வர்றதால வேலை மிச்சம். ஆனா வால்வ கழட்டிட்டு டேங்க் நிறைய தண்ணி ஊத்தி, காலி இடமே இல்லைன்னு உறுதியான அப்புறம்தான் கட்டிங் வீல் தொடணும். வாசனை வரலன்னா கேஸ் இல்லன்னு அர்த்தம் இல்ல.

கதவு ஒரு தனிக் கதை. உருண்டை பைப்ப வெட்டின உடனே அது உள்ளுக்குள்ள இருந்த இறுக்கம் விட்டுப் போய் விரியும், வெட்டின துண்டு ஒரு பக்கம், ஓட்டை ஒரு பக்கம்னு ரெண்டும் சேராது. அதனால நாலு பக்கமும் ஒரேயடியா வெட்டக்கூடாது. கீல் வர்ற பக்கத்த மட்டும் முதல்ல வெட்டி, கீல வெச்சு முழுசா வெல்ட் பண்ணிட்டு, அப்புறம் மத்த மூணு பக்கம், அதுலயும் மூலைங்கள கடைசிலதான் விடணும். மூலை விடுறதுக்கு முன்னாடியே கதவு ஓரத்துல பட்டை வளைச்சு டேக் (சின்னப் பொட்டு வெல்ட்) வெச்சுட்டா, அந்தப் பட்டையே சீலாவும் ஆகிடும், கதவும் வடிவம் மாறாது. ஒரே மூச்சுல நீளமா வெல்ட் ஓட்டாம இங்க ரெண்டு இஞ்ச், அங்க ரெண்டு இஞ்ச்னு மாத்தி மாத்தி வெக்கணும். இந்த வேலை டிரம்ல சுத்தமா கிடையாது, அது டிரம்முக்கு ஒரு பெரிய பிளஸ், வெல்டிங் கை பழகாதவங்க இத லேசா எடுத்துக்காதீங்க.

ஆஃப்செட்டுக்குள்ளயே நேரா ஓடுறதா, ரிவர்ஸ் ஃப்ளோவானு இன்னொரு சண்டை இருக்கு. ரிவர்ஸ் ஃப்ளோல கிரில்லுக்குக் கீழ நீளத்துக்கும் ஒரு தகடு, சூடு அது அடியில கடைசி வரைக்கும் போய் மேல திரும்பி வரும், புகைபோக்கி ஃபயர்பாக்ஸ் பக்கமே இருக்கும். ரெண்டு முனைக்கும் வெப்ப வித்தியாசம் கம்மி, அது உண்மை. ஆனா காத்து ஓட்டம் தடைபடுது, கொழுப்பு எல்லாம் அந்த சூடான தகட்டுல போய் தேங்குது, அத சுரண்டுறது இன்னொரு வேலை. பராமரிப்ப பாத்து முடிவு பண்ணவன்ங்கறதால நான் நேரா ஓடுறதத்தான் எடுத்தேன். ஃபயர்பாக்ஸ் பக்கம் சூடு கொஞ்சம் கூட இருக்கும், பெரிய துண்டுல கொழுப்பு இருக்க முனைய அந்தப் பக்கம் திருப்பி வெச்சா சரியாப் போகுது. அறைய லேசா ஒரு பக்கம் சாய்ச்சு தாழ்ந்த முனையில வால்வோட ஒரு வடிகால் வெச்சுட்டா கொழுப்பு தானா இறங்கிடும்.

டபுள் வால் பெட்டி, நான் பாத்த வரைக்கும், ராத்திரி தூங்கணும்னு நினைக்கிறவங்களுக்கானது. ஒரு தடவ கரி ரொப்பிட்டு காத்துக் கதவ செட் பண்ணிட்டா ராத்திரி முழுக்க ஒரே வெப்பத்துல நிக்குது, வெளிப்பக்கம் கை வெச்சா வெதுவெதுன்னுதான் இருக்கு. ஆஃப்செட்ல முக்கால் மணிக்கு ஒரு தடவ விறகு வெச்சுக்கிட்டே இருக்கணும், பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) மாதிரி பன்னெண்டு மணி நேர சமையல்ல அது சாதாரணப் பாடு இல்ல, நடுவுல கறியோட உள்வெப்பம் 65, 70 டிகிரில வந்து ஈரம் ஆவியாகறதால அப்படியே மணிக்கணக்கா நின்னுடும், அந்த நேரத்துலயும் நீங்க நெருப்பு பக்கத்துலதான் இருக்கணும். நண்பரோட பெட்டில எனக்கு உறுத்துற ஒரே விஷயம், ரெண்டு தகட்டுக்கு நடுவுல தண்ணி இறங்கினா ராக்வூல் அத புடிச்சு வெச்சுக்கும், உள்ள இருந்து துரு ஏறும், வெளிய இருந்து பாத்தா எதுவும் தெரியாது. அவரோடது கூரைக்குக் கீழ நிக்குது, இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல. மழைல நிக்கிற பெட்டி எத்தன வருஷம் தாங்கும்னு சொல்ற அளவுக்கு எனக்குப் பழக்கம் இல்ல, அதனால அத கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். செய்றதும் கஷ்டம்தான், தகடு ரெண்டு மடங்கு, வெல்ட் நீளமும் ரெண்டு மடங்கு, உள் தகடு சூட்டுல விரியறதுக்கு இடம் விடணும்.

ருசிக்கு எனக்கு ஆஃப்செட்தான். ஃபயர்பாக்ஸ் கதவ லேசா திறந்து வெச்சு, சின்னதா, சுறுசுறுப்பா எரியுற விறகு நெருப்பு, புகைபோக்கில கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாத நீலப் புகை, அது கறில ஏறுற வாசனை வேற எதுலயும் எனக்குக் கிடைக்கல. அடர்த்தியா வெள்ளைப் புகை வந்தா நெருப்புக்கு மூச்சு முட்டுதுன்னு அர்த்தம், கறி கசக்கும், காத்துக் கதவ இன்னும் திறங்க.

அதனால வீட்ல வெல்டிங் மிஷின் இல்ல, மாசத்துக்கு ஒரு தடவ கோழியும் ரிப்ஸும் போதும்னா டிரம் எடுங்க, தயக்கமே வேணாம். கூரை இருக்கு, ராத்திரி சமையல்தான் அதிகம்னா டபுள் வால் பாருங்க. வெளியில நிக்கப் போகுது, வருஷக்கணக்கா அதுலயே சமைக்கப் போறீங்க, கெட்டுப் போனா நீங்களே சரி பண்ணிக்கணும்னா 6 மி.மீ. பைப்புக்கு வாங்க. பட்ஜெட் இடிச்சா சமைக்கிற அறைய வேணா 4 மி.மீ.க்கு இறக்கிக்கலாம், சூடு கொஞ்சம் சீக்கிரம் ஏறி இறங்கும், அவ்ளோதான். ஃபயர்பாக்ஸ் அடித்தகட்ட மட்டும் குறைக்காதீங்க, அத போல்ட்ல கழட்டி மாத்துற மாதிரி வெச்சா இன்னும் நல்லது, அடுத்து எனக்கு அடி மாத்த வேண்டி வந்தா நானும் அப்படித்தான் போடப் போறேன்.