பிரவுசர் உறைந்தால் முதலில் எது: கேஷா, எக்ஸ்டென்ஷனா, ரீஇன்ஸ்டாலா?

பக்கம் பாதி வந்த நிலையில் பிரவுசர் ஹேங் ஆகிறது என்று யாரிடம் சொன்னாலும், "கேஷைக் கிளியர் பண்ணிப் பாருங்க" என்பார்கள். அடுத்த யோசனை, "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடுங்க". இந்த இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அதே பக்கத்தைப் பிரைவேட் விண்டோவில் திறந்து பார்ப்பது.

கேஷ் என்பது பார்த்த பக்கங்களின் துண்டுகளைப் பிரவுசர் சேமித்து வைக்கும் இடம். அது கெட்டால் பெரும்பாலும் பக்கம் கோணலாகத் தெரியும், அல்லது பழைய பக்கமே திரும்ப வரும். பிரவுசரே அசையாமல் நிற்பது அபூர்வம். குறிப்பிட்ட ஒரு தளம் மட்டும் தகராறு செய்தால் கேஷை அழிப்பது சரி. ஆனால் அவசரத்தில் குக்கிகளையும் (லாகின் போன்றவற்றைத் தளங்கள் நினைவில் வைக்க உதவும் சிறு பதிவுகள்) சேர்த்து டிக் செய்துவிட்டால் எல்லாத் தளங்களிலும் லாக்அவுட் ஆகிவிடும்.

பிரைவேட் விண்டோவில் இழப்பு எதுவும் இல்லை. நாமாக அனுமதி கொடுக்காதவரை குரோமின் பிரைவேட் விண்டோவான இன்காக்னிட்டோவில் எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் நாம் சேர்க்கும் குட்டி நிரல்கள்) ஓடாது. 2019 முதல் பயர்பாக்ஸிலும் அப்படித்தான். பழைய குக்கிகளும் கேஷும் அங்கே வராது. அங்கே பக்கம் சரளமாக வந்தால், கோளாறு இந்த மூன்றில் ஒன்றில்தான். அங்கேயும் உறைந்தால், மூன்றையும் ஒதுக்கிவிட்டு வேறு பக்கம் தேடலாம்.

எனக்கு நடந்தது: மவுஸ் அம்பு நகர்ந்தது, ஆனால் எந்த டேபும் மாறவில்லை. அரை நிமிடம் கழித்து, நான் அழுத்திய கிளிக்குகள் எல்லாம் வரிசையாக ஒரேயடியாக நடந்தன. பிரைவேட் விண்டோவில் அதே பக்கம் உடனே வந்தது. என்னிடம் 12 எக்ஸ்டென்ஷன்கள். ஒவ்வொன்றாக அணைக்காமல் பாதியை அணைத்தேன், பிறகு அதில் பாதி. நான்கே சுற்றில் பிடிபட்டது. விளம்பரம் தடுக்கும் எக்ஸ்டென்ஷன்கள் இரண்டு, ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் சல்லடை போட்டுக்கொண்டிருந்தன. ஒன்றை நீக்கியதும் சரியாகிவிட்டது.

இதைவிட வேகமான வழி பிரவுசருக்குள்ளேயே இருக்கும் டாஸ்க் மேனேஜர். விண்டோஸில் குரோம் திறந்திருக்கும்போது ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் குரோம் என்ற பெயரே வரிசையாக நிற்கும். எது எந்த டேப் என்று புரிவது கடினம். குரோமின் டாஸ்க் மேனேஜரில் டேபின் பெயர், எக்ஸ்டென்ஷனின் பெயர், அது தின்னும் மெமரி, சிபியு எல்லாம் தெரியும். குற்றவாளி வரியைத் தேர்ந்தெடுத்து நிறுத்தினால் மற்ற டேப்கள் பிழைத்துக்கொள்ளும்.

வீடியோ ஓடும்போதோ ஸ்க்ரோல் செய்யும்போதோ திரை கறுத்து உறைந்தால், ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை (திரை, வீடியோ வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கும் வசதி) சந்தேகிக்கலாம். அணைத்துப் பாருங்கள், ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள். வீடியோ வேலை முழுக்க சிபியு தலையில் விழும், லேப்டாப் சூடாகும். அணைத்ததும் சரியானால் கிராஃபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்வதே முறை. பயர்பாக்ஸின் டிரபிள்ஷூட் மோட் எக்ஸ்டென்ஷன்களையும் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனையும் சேர்த்தே அணைக்கும். அங்கே சரியானது என்பதால் பழியை எக்ஸ்டென்ஷன் மேல் மட்டும் போட முடியாது.

ரீஇன்ஸ்டாலை நான் பரிந்துரைப்பதே இல்லை. வழக்கமாக அது நம் செட்டிங்குகள், புக்மார்க்குகள், எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் இருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் தொடுவதில்லை. கோளாறு அதில் இருந்தால் புதிய பிரவுசரிலும் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும். ரீசெட் எவ்வளவோ மேல். பயர்பாக்ஸின் ரெஃப்ரெஷ், புக்மார்க்குகளையும் பாஸ்வேர்டுகளையும் காப்பாற்றிவிட்டு எக்ஸ்டென்ஷன்களை நீக்கும். குரோமின் ரீசெட் எக்ஸ்டென்ஷன்களை முடக்கி வைக்கும், குக்கிகளை அழிக்கும். அதற்கும் மனமில்லையென்றால் குரோமில் புதிய ப்ரொஃபைல் ஒன்று தொடங்கிப் பாருங்கள். பழையது அலுங்காமல் இருக்கும்.

இன்னொரு பிரவுசரிலும் அதே உறைதல், ஃபைல் ஃபோல்டரைத் திறந்தாலும் தயக்கம் என்றால், பிரவுசரை விட்டுவிடுங்கள். மெமரி நிரம்பியிருக்கிறதா, டிஸ்க் 100 சதவீதத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள்.