வே புரோட்டீனா கேசீனா, யாருக்கு எது செட் ஆகும்?

பால் புரோட்டீன்ல சுமார் 80% கேசீன், மீதி 20% தான் வே. வீட்ல எலுமிச்சை பிழிஞ்சு பால திரிச்சு பன்னீர் செய்யுறப்போ துணியில நிக்கிறது பெரும்பாலும் கேசீன், கீழ வடியுற தண்ணியில போறது வே, அதனால அந்த தண்ணிய தயவுசெஞ்சு கீழ கொட்டாதீங்க, சப்பாத்தி மாவு பிசைய அருமையா இருக்கும்.

வே சீக்கிரம் செரிச்சு ரத்தத்துல கலந்துடும், தசை வளர சிக்னல் கொடுக்குற லியூசின்ங்கற அமினோ அமிலமும் அதுல அதிகம், அதான் ஜிம் பசங்க ஒர்க்அவுட் முடிச்ச கையோட ஒரு ஸ்கூப் கலக்கி குடிக்கிறாங்க. ஆனா 60 தாண்டி தசை கரைஞ்சு படியேறவே சிரமப்படுற நம்ம அப்பா அம்மாவுக்குத்தான் இது இன்னும் அதிகமா தேவைன்னு நான் நினைக்கிறேன், கூடவே கொஞ்சம் உடற்பயிற்சியும் இருக்கணும்.

கேசீன் வேற மாதிரி. வயித்து அமிலம் பட்டதும் தயிர் மாதிரி கட்டியாகி மணிக்கணக்குல மெதுவா கரையும், பால்ல இருக்குற கால்சியத்துல பெரும்பகுதிய சுமக்குறதும் இதுதான். ராத்திரி படுக்கப்போறதுக்கு முன்னாடி எடுக்க இது பெட்டர், தனியா பவுடர் வாங்க வேண்டாம், பன்னீர் போதும்.

பால் குடிச்சா வயிறு உப்புறவங்க வே ஐசோலேட் (இன்னும் சுத்திகரிச்ச வே பவுடர்) பாருங்க, அதுல லாக்டோஸ்ங்கற பால் சர்க்கரை ரொம்ப கம்மி. பால் அலர்ஜி இருந்தா ரெண்டுமே வேண்டாம். கிட்னி பிரச்சனை இருக்கறவங்க டாக்டர கேக்காம எந்த பவுடரையும் தொடாதீங்க.