பினாங்கில் மோரிஸ் மைனரும் பென்ஸ் டபிள்யூ123-உம்: இரண்டையும் வைத்து ஓட்டிய அனுபவம்

பழைய கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் எது வேகம், எது சொகுசு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மோரிஸ் மைனர் 1000, டபிள்யூ123 வகை பென்ஸ் 200 இரண்டையும் பல வருஷமாகப் பினாங்கில் ஓட்டி வருகிறேன். என்னைக் கேட்டால், எந்தக் காருக்கு எப்படிப்பட்ட பராமரிப்பு தேவை என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மோரிஸுக்கு அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். பென்ஸ் நெடுநாள் ஒன்றும் கேட்காது. கேட்டால் மொத்தமாகக் கேட்கும்.

மைனர் 1948-இல் வந்த வடிவம். பின்னாளில் மினி காரைப் படைத்த அலெக் இசிகோனிஸ்தான் இதையும் வடிவமைத்தார். என்னுடையது 1098 சிசி, 48 குதிரைத்திறன். பானெட்டைத் திறந்தால் இன்ஜினைச் சுற்றி அவ்வளவு இடம், கை தாராளமாக உள்ளே போகும். தீப்பொறிக்கான பாயிண்டின் இடைவெளியைச் சரிபார்ப்பது, கார்புரேட்டர் தலையில் கொஞ்சம் எண்ணெய் விடுவது எல்லாம் வீட்டு வாசலிலேயே முடிகிற வேலை. ஒன்றை மட்டும் ஒத்திப்போடவே கூடாது: முன்சக்கரத்தைத் தாங்கும் டிரனியனுக்குக் கிரீஸ் அடிப்பது. அதை விட்டால் மரை தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும்.

ஜார்ஜ்டவுன் சந்துகளில் இதற்கு ஈடு கிடையாது. நீளம் 3.76 மீட்டர்தான், ஸ்டீயரிங் கைசொன்னபடி கேட்கும். லெபு குவீனில் மாலை நேரக் கூட்டத்துக்குள் பென்ஸை நுழைக்கும்போது அது ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடுதல் நீளம் என்பது நன்றாகவே தெரியும். ஆனால் ஜாலான் துன் சார்டோன் மலைச்சாலை வழியாகப் பாலிக் புலாவ் போனால் கதை வேறு. மைனருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இறக்கத்தில் கியரைக் குறைத்து, இன்ஜினை வைத்தே வேகத்தை அடக்க வேண்டும். அப்புறம், ஏர்கோன் இல்லை. பினாங்கு வெயிலுக்கு அது சின்ன விஷயமில்லை.

பென்ஸில் நான்கும் டிஸ்க் பிரேக். 1976 முதல் 1986 வரை ஏறக்குறைய 27 லட்சம் டபிள்யூ123 கார்கள் தயாராயின. ஈப்போவுக்கு ஓட்டிப் போய் இறங்கினால் ஏன் என்று புரியும், முதுகு வலிப்பதே இல்லை. பாலத்தில் கடற்காற்று பக்கவாட்டில் அடித்தாலும், பெரிய லோரி உரசுவது போலக் கடந்தாலும் கார் அசையாது. தண்ணீர்மலை கோயிலுக்கு அம்மா இதில்தான் வருவார். என் மைனர் இரண்டு கதவுக் கார், பின்சீட்டில் ஏறி இறங்க அவரால் முடியாது. ஆனால் பென்ஸின் கதவுப் பூட்டுகள் வேலை செய்வது காற்றை உறிஞ்சி இழுக்கும் ரப்பர் குழாய்களால். வயதாகி ரப்பர் வெடித்தால், கசிவு எங்கே என்று தேடவே பொறுமை வேண்டும். சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்களும் ஒன்றாகத்தான் தேயும், மாற்றினால் எல்லாவற்றையும் மாற்றுவதே நல்லது.

சாலை வரி மைனருக்கு 55 ரிங்கிட், 1997 சிசி பென்ஸுக்கு 378 ரிங்கிட் 50 சென்.

ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் மோரிஸைத்தான் வைத்துக்கொள்வேன். கையில் ஸ்பேனர் பிடிக்கப் பிடிக்காதவர்கள் பென்ஸே வாங்கலாம். எதை வாங்கினாலும் காரைத் தூக்கி அடியைப் பாருங்கள். உப்புக்காற்று இரண்டையும் தின்னும். மைனரில் கதவுக்குக் கீழுள்ள பட்டையையும் சேசிஸ் கால்களையும் தட்டிப் பாருங்கள். பென்ஸில் ஜாக்கி வைக்கும் இடங்களையும் பேட்டரித் தட்டின் அடிப்பகுதியையும். அதற்குப் பிறகு விலை பேசலாம்.