நீதிபோதனை வகுப்பு இல்லாத பள்ளி: 2 வருட அனுபவம்

ஒழுக்கமும் படிப்பும் இரண்டு கண்கள் என்று எல்லாப் பள்ளிகளும்தான் சொல்கின்றன, அதனால் மகளை இங்கே சேர்க்கும்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கால அட்டவணையில் நீதிபோதனை வகுப்பே இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

முதல் பருவத்தில் ஒரு இலையைப் பார்த்து வரையச் சொன்னார்கள். இவள் ஐந்து நிமிடத்தில் பச்சையைத் தீற்றிக் கொடுத்துவிட்டாள். மதிப்பெண் போடாமலே திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால், "நரம்புகள் நடுத்தண்டில் எதிரெதிராகச் சேர்கின்றனவா, மாறி மாறியா? இலையை மறுபடி பார். உன்னால் இதைவிட நன்றாக வரைய முடியும், அதனால்தான் திருப்பித் தருகிறேன்" என்று எழுதியிருந்தது. இரண்டாவது தடவையும் திரும்பி வந்தபோது அழுதாள். நான்காவதுதான் தேறியது, அதற்குள் அந்த இலையைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள் போலிருந்தது.

இதே மாதிரி ஒரு குறிப்பை ஏழாம் வகுப்புக் கட்டுரைகளில் ஒட்டிப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் கட்டுரையைத் திருத்தி எழுத முன்வந்த கறுப்பின மாணவர்கள், வெறும் பொதுவான குறிப்பு இருந்தபோது 17 சதவீதம், இப்படி நம்பிக்கை சொல்லும் குறிப்பு இருந்தபோது 72 சதவீதம். கண்டிப்போடு நம்பிக்கையையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் எழுந்து வருகிறார்கள், வீட்டிலேயே பார்க்கிறேன்.

போன மாதம் கணக்குத் தேர்வில் கூட்டல் தவறி 2 மதிப்பெண் கூடுதலாக விழுந்துவிட்டது. இவளே போய்ச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் நன்றி சொல்லிவிட்டு 2 மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார், அவ்வளவுதான். கைதட்டலும் கிடையாது, ஸ்டாரும் கிடையாது. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் அங்கே அது வழக்கமான காரியம் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

1920களின் கடைசியில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் சுமார் 11,000 பிள்ளைகளுக்கு ஏமாற்ற வாய்ப்பு கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு இடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளையே இன்னொரு இடத்தில் காப்பியடித்தது, ஒழுக்கப் பாடம் கேட்டதால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இந்தப் பள்ளி அதற்கென்று ஒரு பீரியட் வைக்காதது இப்போது எனக்குச் சரியாகவே படுகிறது.

குறையும் உண்டு. இந்த வருடம் 'மாதத்தின் நற்பண்பு மாணவர்' என்று பேட்ஜ் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். அப்புறம் என்ன, டீச்சர் பார்க்கும்போது மட்டும் கீழே கிடக்கும் காகிதத்தை எடுக்கிற பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன், யோசிப்பதாகச் சொன்னார்கள், இன்னும் நிறுத்தவில்லை. வீட்டுப்பாடமும் சில வாரம் அதிகம்தான், திருப்பி எழுதுவதும் சேர்ந்துவிட்டால் இரவு தாமதமாகிவிடுகிறது.

சேர்க்க நினைப்பவர்கள் ஆண்டுவிழா வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நேரில் போய், திருத்திய நோட்டு நாலைந்தைக் காட்டச் சொல்லுங்கள். வெறும் டிக் இருக்கிறதா, ஓரத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள், பிள்ளை அதைத் திருத்தியிருக்கிறதா என்று.