தன்னைத்தானே அடிக்கும் போன்: எங்கள் ஊர் வீட்டு லேண்ட்லைன்

"அண்ணே, ஊர் வீட்டு லேண்ட்லைனை வச்சுக்கவா, சரண்டர் பண்ணிடவா?" என்று தேவகோட்டை நண்பர் கேட்டார். கானாடுகாத்தானில் எங்கள் லைனை இப்போதுதான் சரிசெய்து கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

குரல் தெளிவு, கரண்ட் போனாலும் வேலை செய்வது எல்லாம் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது டெஸ்ட் நம்பரைப் பற்றி. டைரக்டரியில் இருக்காது, லைன்மேன்களுக்குத்தான் தெரியும். ஒருமுறை வந்த லைன்மேன் அண்ணன் ரிசீவரை எடுத்து ஏதோ எண்களை அழுத்திவிட்டுக் கீழே வைத்தார். உடனே அதே போன் அடித்தது! யாரும் கூப்பிடவில்லை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சே திருப்பி அடிக்கிறது.

இதன் அருமை போகப் போகத்தான் புரிந்தது. லைனில் எப்போதும் இருப்பது 48 வோல்ட் டிசி. மணி அடிக்க எக்ஸ்சேஞ்ச் தனியாக அனுப்புவது சுமார் 75 வோல்ட் ஏசி. அதனால் சில சமயம் டயல் டோன் நன்றாக வரும், பேசவும் முடியும், மணி மட்டும் அடிக்காமல் போகும். கூப்பிடுகிறவர் காதில் கேட்கும் மணியோசை எக்ஸ்சேஞ்ச் தருவது, நம் வீட்டு மணி அல்ல. பினாங்கிலிருந்து சித்தப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதறுவார், அப்பத்தா பட்டாலையில் நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

எங்கள் வீட்டில் முகப்பு, இரண்டாம் கட்டு, மாடி என்று பேரலல் போன்கள். எல்லா மணிகளும் ஒரே லைனில் கரண்ட் இழுத்தால் எதற்கும் வலு இருக்காது. ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த டெஸ்ட் எண்ணை அழுத்தி, வைத்துவிட்டுக் கேட்டேன். மாடியில் கிடந்த பழைய டயல் போனைக் கழற்றியதும் முகப்பு மணி கணீரென்று அடித்தது. வளவைத் தாண்டி அடுப்படி வரை கேட்டது. யாரையும் கெஞ்சாமல் நம் லைனை நாமே சோதித்துப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு ஈடில்லை.

இன்னொரு டெஸ்ட் எண்ணை அழுத்தினால் டோன் போய் முழு அமைதி. அதில் கரகரவென்று வந்தால் எங்கோ ஜாயின்ட்டில் ஈரம். ஐப்பசி மழையில் இது ரொம்ப உதவும்.

எண்ணை இங்கே போடவில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் அது வேறு, அங்கே கருவி மாறினால் எண்ணும் மாறிவிடும். ஊரே அழுத்திக்கொண்டிருந்தால் லைன்மேன் வேலை கெடும், ஆகவே மறைத்து வைப்பதும் நியாயம்தான். ஆனால் மணி அடிக்கவில்லை என்று புகார் கொடுத்தால், "டோன் வருதா? அப்ப லைன் ஓகே" என்று ஆள் வராமலே முடித்துவிடுகிறார்களே, அதை மன்னிக்க முடியவில்லை. அந்த எண்ணை அவர்களே ஒரு தடவை அழுத்திப் பார்த்தால் என்ன?

நண்பருக்கு என் பதில்: சரண்டர் பண்ணிவிடுங்கள். உங்கள் அம்மா தனியாக இருக்கிற வீடு, மணி செத்துப்போனால் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டு லைனை மட்டும் நான் விடுவதாக இல்லை.