வடபழனியில் ஒரு ப்ராம்ப்ட் வகுப்பு

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படம் உருவாக்க ப்ராம்ப்ட், அதாவது என்ன வரைய வேண்டும் என்று அதற்குச் சொல்லும் வரிகளை, எழுதுவது எப்படி என்று கற்றுத்தரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்று, வடபழனியில் ஆற்காடு சாலையை ஒட்டிய ஒரு மாடியில் நடந்துவருகிறது. அச்சகங்களுக்கும் சிறு பத்திரிகைகளுக்கும் வடிவமைப்பு செய்து கொடுப்பவன் என்ற முறையில் அதில் சேர்ந்தேன். கட்டணம் 2,500 ரூபாய். முற்பகல் வகுப்பு ஒன்றே அதற்கு ஈடாகிவிடுகிறது. பிற்பகலைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை.

முதல் ஒரு மணி நேரம் கணினியே திறக்கப்படுவதில்லை. ஆளுக்கொரு புகைப்படத்தைக் கொடுத்து, அதைப் பார்க்காத ஒருவர் வரையும் அளவுக்கு எழுதித் தரச் சொல்கிறார் ஆசிரியர். எல்லோருடைய தாளிலும் ‘அழகான’, ‘பாரம்பரியமான’, ‘உயிரோட்டமுள்ள’ என்ற சொற்கள் நிறைந்திருந்தன. அவற்றையெல்லாம் அடித்துவிட்டு, மிஞ்சியதைப் படிக்கச் சொன்னார். பலருடைய தாளில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. படம் உருவாக்கும் இந்த மாதிரிகள் (‘மாடல்’ எனப்படும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள்) இணையத்திலுள்ள கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு இருந்த விளக்க வரிகளையும் சேர்த்துப் பயின்றவை. ‘அழகான’ என்ற சொல் மலைக்கும் மணப்பெண்ணுக்கும் கேக்குக்கும் ஒட்டப்பட்டிருப்பதால் அது எந்த உருவத்தையும் சுட்டுவதில்லை, ‘பின்னாலிருந்து விழும் வெயில்’ என்பதோ கண்ணால் காணத்தக்க ஒன்றைச் சுட்டுகிறது என்று அவர் விளக்கிய விதம் மிகத் தெளிவாக இருந்தது.

அதன்பின் எல்லோரும் சேர்ந்து எழுதியது மயிலாப்பூர் மாட வீதிப் பூக்காரம்மாவைப் பற்றி. ‘மயிலாப்பூரில் ஒரு பூக்கடை’ என்று மட்டும் கொடுத்தபோது, எந்த ஊர் என்றே தெரியாத ஒரு சாமந்திக் குவியல்தான் வந்தது. அடுத்து, ஐம்பது வயதுப் பெண், அரக்கு நிறச் சுங்குடிச் சேலை, தாழ்வான மரப்பலகையில் அமர்ந்திருக்கிறார், மடியில் ஈரத் துணி விரித்த மூங்கில் தட்டு, அதில் மல்லிகை மொட்டுகள், இடப்பக்கமிருந்து சாய்வாக விழும் காலை வெயில், பின்னணியில் மங்கலாகக் கோபுரம், கேமரா அவருடைய கண் மட்டத்தில் என்று வரிசையாக எழுதினோம். இப்போது வந்த படத்தில் ஒளியும் சேலையும் தட்டும் சொன்னபடியே அமைந்தன. ஆனால் அந்தப் பெண் ஊசி நூலில் பூக் கோத்துக்கொண்டிருந்தார். விரல்களுக்கிடையே வாழை நாரைச் சுற்றி முடிச்சிட்டுப் பூ தொடுப்பதை எத்தனை விதமாக விவரித்தும் படம் அந்த இடத்தில் மட்டும் தடுமாறியது. நம் ஊர்க் கைவேலைகளுக்கு விளக்க வரியோடு கூடிய படங்கள் இணையத்தில் குறைவாக இருப்பதையே ஆசிரியர் காரணமாகச் சொன்னார்; எனக்கும் அது சரியாகவே படுகிறது.

தொழில்நுட்பப் பகுதி சுருக்கமானது, ஆனால் பயனுள்ளது. 2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற பட மாதிரியின் உரை வாங்கும் பகுதி ஒரே நேரத்தில் 77 டோக்கன்களை (சொற்கள் அல்லது சொல் துண்டுகளை) மட்டுமே ஏற்கும்; தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒவ்வொன்று போக, நமக்குக் கிடைப்பவை 75. ஆகவே முக்கியமானவற்றை முன்னால் எழுத வேண்டும். ‘குடை வேண்டாம்’ என்று ப்ராம்ப்டுக்குள்ளேயே எழுதினால் குடை வந்து நிற்கும் வாய்ப்பே அதிகம். வேண்டாதவற்றை எழுதவென்றே தனியாக உள்ள நெகட்டிவ் ப்ராம்ப்டில் ‘குடை’ என்று மட்டும் எழுத வேண்டும். படம் எந்தத் தற்செயல் நிலையிலிருந்து உருவாகத் தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை மாற்றாமல் ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பார்த்தால் அச்சொல்லின் பலம் தெரியும் என்பது, இந்த வகுப்பில் நான் அதிகம் மதிக்கும் பாடம். 2023-இல் வந்த டால்-ஈ 3 போன்ற பட மாதிரிகள், நாம் எழுதியதை உரை எழுதும் ஒரு மொழி மாதிரியின் வழியாக விரித்தெழுதிய பிறகே வரைகின்றன. அவற்றில் தமிழிலேயே எழுதலாம் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனாலும் நாம் சொல்லாமல் விட்டதை இயந்திரம் தன் போக்கில் நிரப்பிவிடும் என்பதால் முழுமையாக எழுதும் பொறுப்பு குறைவதில்லை.

பிற்பகலில் ஒரு நீண்ட சொற்பட்டியல் வழங்கப்பட்டது. ‘மாஸ்டர்பீஸ்’, ‘8கே’ போன்ற தரம் குறிக்கும் சொற்களை எந்த ப்ராம்ப்டிலும் சேர்க்கலாம் என்ற அறிவுரை, முற்பகலில் கற்றதற்கு நேர் எதிரானது. உயிரோடு இருக்கும் ஓவியர்களின் பெயர்களைப் பாணிக்காகச் சேர்க்கச் சொன்னதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கரிக்கோல், நீர்வண்ணம், மரக்கட்டை அச்சு என்று ஊடகத்தையும், கோட்டின் தடிமனையும், வண்ணங்களின் எண்ணிக்கையையும் சொன்னாலே தனித்த பாணி கிடைக்கும்போது, ஒருவருடைய உழைப்பைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்வதற்கு என்ன அவசியம்?

புள்ளிக் கோலம் வரைவிக்கும் பயிற்சியையும் தவிர்த்திருக்கலாம். புள்ளிகளை எண்ணி வைத்து, ஒரே கோட்டை விடுபடாமல் சுற்றி முடிக்கும் வேலை இத்தகைய மாதிரிகளுக்குப் பெரும்பாலும் சரியாக வராது. அதை ப்ராம்ப்டின் குறைபோல நடத்தியதால் புதிதாக வந்தவர்கள் வீணாகச் சோர்ந்தார்கள்.

அச்சுத் துறையினர் சேர்வதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்தின் அச்சளவு பற்றி வகுப்பில் ஒரு வார்த்தையும் இல்லை. 1024 பிக்சல் அகலமுள்ள படத்தை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சிட்டால் சுமார் 8.7 செ.மீ. அகலம்தான் வரும்; சுவரொட்டிக்கோ அட்டைப்படத்துக்கோ அதைப் பெரிதாக்கும் முறையை வேறிடத்தில்தான் கற்க வேண்டியிருக்கும். கல்லூரி மாணவர்களும் பத்திரிகைப் பக்க வடிவமைப்பாளர்களும் தயங்காமல் சேரலாம். முற்பகலுக்கு மட்டும் தனிக் கட்டணம் வைக்கும்படி நிலையத்தாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.